அசையும் அசலம்

ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில், பனிச் சிகரங்களைக் காண நாலா திசைகளிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்து கூடும் கிரிண்டல்வால்டு என்னும் மலையூருக்கு 2006-ஆம் வருஷக் கோடையில் வந்தவர்களில் பலர், வழக்கமாகப் பார்க்க வேண்டிய புல்வெளிகளையும் அருவிகளையும் ஒதுக்கிவிட்டு, 3,967 மீட்டர் உயரமுள்ள ஐகர் மலையின் கிழக்குப் புயத்தில் பிளவு கண்டு நின்ற ஒரு பெரும் பாறைத் தொகுதி எப்போது விழும் என்று பார்ப்பதற்காகவே மேலே ஏறிப் போனார்கள். பனியாற்றுக்கு எதிர்க்கரையில், பேரெக் என்னுமிடத்திலுள்ள விடுதியின் முற்றத்திலிருந்து, காமிராவும் கையுமாக அவர்கள் காத்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் தொடங்கிய சலனம் நாளுக்கு நாள் வளர்ந்தது. மடோனா என்று ஊரார் பெயரிட்டு அழைத்த பாறைத்தூண் முதலில் சாய்ந்தது. ஜூலை 13-ஆம் தேதி பெரும் பகுதி ஒன்று சரிந்து இறங்க, எழுந்த புழுதி மண்டலம் பள்ளத்தாக்கை மூடி ஊர் வரையில் வந்து படிந்தது. விழுந்த கற்களெல்லாம் கீழே கிடந்த பனியாற்றின்மேல் போய்ச் சேர்ந்தபடியால் அந்தச் சரிவினால் உயிர்ச் சேதம் ஏதும் நேரவில்லை. வேடிக்கை பார்க்கப் போனவர்கள் திருப்தியாகத் திரும்பினார்கள்.

அவர்கள் கண்ட அதே காட்சியை வேறொரு விதமாகக் கண்டவர்களும் அங்கே இருந்தார்கள். லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியெரி ஓப்பிகோஃபர், மிஷெல் ஜபோயெடோஃப் ஆகியோரும், பூகர்ப்ப நிபுணரான ஹான்ஸ் ருடால்ஃப் கோய்ஸனும், முக்காலியின்மேல் நிறுத்திய ஒரு பெட்டியிலிருந்து லேசர் கிரணங்களை எதிரேயுள்ள பாறைச் சுவரின்மேல் ஏவி, அவை பட்டுத் திரும்பும் காலத்தைக் கொண்டு சுவரின் உருவத்தை முழுமையாக வரைந்து, சில நாட்கள் கழித்து மறுபடியும் வரைந்து, இரண்டையும் ஒப்பிட்டு, எந்தப் பாகம் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு 2008-ல் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் கட்டுரையாக வெளிவந்தது. மலை விழுவதை முன்னறிவது என்ற பழைய ஆசைக்கு இந்தப் புதிய சாதனம் எவ்வளவு தூரம் துணை செய்கிறது, எங்கே துணை செய்யாமல் நின்றுவிடுகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு அந்தச் சம்பவத்தைக் காட்டிலும் நல்ல தொடக்கம் வேறில்லை.

மலை என்றால் ஒரே பிண்டமான கல் என்று நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எந்தப் பாறைச் சுவரும், படிவங்களின் இடைவெளிகளாலும், பூமியின் அழுத்தத்தில் நேர்ந்த வெடிப்புகளாலும், பல திசைகளில் வெட்டுண்டு, தனித்தனித் துண்டங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஓர் அடுக்காகவே இருக்கிறது. வெட்டுத்தளம் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்தால் மேலேயுள்ள பாறை அதன்மேல் வழுக்குகிறது. இரண்டு தளங்கள் குறுக்கிட்டு நடுவே ஒரு கூரிய துண்டத்தை விடுவித்தால், அந்தத் துண்டம் இரண்டும் சேரும் கோட்டின் வழியே இறங்குகிறது. தளங்கள் ஏறக்குறைய செங்குத்தாக நின்றால் பாறைத் தூண்கள் தலை கவிழ்ந்து சாய்கின்றன. மழைநீர் பிளவுகளில் புகுந்து அழுத்துவதும், குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிவதும், அடிவாரத்தை ஆறோ கடலோ அரிப்பதும், தாங்கி நின்ற பனியாறு உருகி விலகுவதும் இந்த அடுக்கின் சமநிலையைச் சிறிது சிறிதாகக் குலைக்கின்றன. பெரும் வீழ்ச்சிகளில் பலவற்றுக்கு முன்பு மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ மெதுவான ஒரு நகர்வு நடைபெறுகிறது. அது வருஷத்துக்குச் சில மில்லிமீட்டராக இருக்கும்போது மனிதக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்படும் அளவுக்கு வேகம் எடுத்த பிறகோ, பெரும்பாலும் ஓடுவதற்கு மாத்திரமே நேரம் இருக்கிறது.

இந்த நகர்வை அளக்க முற்காலத்தவரும் வழி தேடாமல் இருக்கவில்லை. பிளவின் இரு கரைகளிலும் ஆணி அறைந்து இடைவெளியை அளவுகோலால் பார்த்தார்கள். கம்பி கட்டி அது எவ்வளவு இழுபடுகிறது என்று குறித்தார்கள். பாறையின்மேல் குறிகளை நட்டு, எதிர்க்கரையிலிருந்து நில அளவைக் கருவியால் மாதந்தோறும் நோக்கினார்கள். இம்முறைகள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. நுட்பத்தில் சில சமயம் லேசரையும் மிஞ்சுகின்றன. ஆயினும் இவை ஒவ்வொன்றும் தான் நிற்கும் அந்த ஓர் இடத்தின் சலனத்தை மாத்திரமே சொல்லவல்லவை. அதற்கும், விழப்போகும் மலையின்மேல் யாராவது ஒருவர் ஏறிப் போய் அவற்றை நட்டுவிட்டு வர வேண்டும்.

அளவு மட்டும் கையில் இருந்தால் போதாது என்பதற்கு இத்தாலியில் நேர்ந்த ஒரு பெருந்துயரம் சாட்சியாக நிற்கிறது. அந்நாட்டின் வடகிழக்கு மலைப் பிரதேசத்தில், வயோன்ட் நதியின் குறுக்கே 260 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் கட்டிய அணையில் 1960-ல் நீர் நிரப்பத் தொடங்கியபோது, இடக்கரையிலிருந்த டோக் மலையில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவு திறந்தது. அங்கே இருப்பது பண்டைக் காலத்திலேயே ஒருமுறை சரிந்த மலை என்று எடோர்டோ ஸெமென்ஸா என்னும் இளம் பூகர்ப்ப சாஸ்திரி அதற்கு முந்திய வருஷத்திலேயே கண்டு சொல்லியிருந்தார். பொறியாளர்கள் சரிவின்மேல் குறிகளை நட்டு வேகத்தை அளந்துகொண்டே வந்தார்கள். நீர்மட்டம் ஏறினால் வேகம் கூடுவதையும், இறங்கினால் குறைவதையும் கண்டு, தேக்கத்தின் மட்டத்தைக் கொண்டே மலையின் நடையைக் கட்டுப்படுத்திவிடலாம் என்ற முடிவுக்கும் வந்தார்கள். 1963 அக்டோபர் தொடக்கத்தில் அந்த நடை நாளுக்கு 20 சென்டிமீட்டர் அளவை எட்டியது. நீரை இறக்கியும் வேகம் தணியவில்லை. 9-ஆம் தேதி இரவு, ஏறக்குறைய 27 கோடி கன மீட்டர் பாறை ஒரு நிமிஷத்துக்கும் குறைவான காலத்தில் தேக்கத்துக்குள் இறங்க, அணையைத் தாண்டி எழும்பிய நீர் கீழேயிருந்த லோஞ்ஜரோனே நகரையும் சுற்றுக் கிராமங்களையும் அழித்து, சுமார் 2,000 பேரைக் கொண்டுபோயிற்று. அணை மாத்திரம் நின்றது, இன்றும் நிற்கிறது. அங்கே எண்களுக்குப் பஞ்சமில்லை. அந்த எண்களுக்கு அவர்கள் கற்பித்த பொருள்தான் பொய்த்துப் போயிற்று. எந்த உருவமுள்ள எவ்வளவு பெரிய பிண்டம், எந்தத் தளத்தின்மேல் நகர்கிறது என்பது தெளிவாகாத வரையில் வேகத்தின் அளவு ஒரு பாதிச் செய்தியே. லேசர் அளவையின் விசேஷத்தை, எச்சரிக்கை மணி அடிக்கும் கருவி என்பதைக் காட்டிலும், அந்த மற்றப் பாதிச் செய்தியைத் தரும் கருவி என்றே நான் கருதுகிறேன்.

லேசர் ஒளியை முதன்முதலில் 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன், மாணிக்கக் கல் படிகம் ஒன்றைக் கொண்டு உண்டாக்கினார். சிதறாமல் நேர்க்கோட்டில் நெடுந்தூரம் செல்லும் அந்த ஒளி தூரம் அளக்கத் தகுந்தது என்பது உடனே புலப்பட்டது. 1969-ல் சந்திரனில் இறங்கியவர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடித் தொகுதியின்மேல் பூமியிலிருந்து லேசரை ஏவி, இரண்டு கோளங்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்தார்கள். தத்துவம் எளியது. ஒளி ஒரு நொடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பாறையில் பட்டுத் திரும்ப, ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்கு செய்தால் அதில் ஏழு பங்குக்கும் சற்றுக் குறைவான நேரமே ஆகும். அந்த நேரத்தை அளக்கும் கடிகாரம் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரத்தில் 15 சென்டிமீட்டர் பிழைத்துவிடும் என்று சொன்னால், அந்தச் சிறு பெட்டிக்குள் இருக்கும் காலக்கணிப்பின் சூட்சுமம் விளங்கும்.

நிலத்தில் வைத்துப் பயன்படுத்தும் அளவைக் கருவிகள் 1990-களின் பிற்பகுதியிலிருந்து சந்தைக்கு வரத் தொடங்கின. பெட்டிக்குள்ளிருக்கும் ஆடி சுழன்றும் சாய்ந்தும் கிரணத்தைச் சுவரின் ஒவ்வொரு பகுதிக்கும் வரிசையாகத் திருப்ப, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தூரமும் இரண்டு கோணங்களும் பதிவாகின்றன. இம்மூன்றும் சேர்ந்தால் ஆகாயத்தில் ஒரு புள்ளியின் ஸ்தானம் கிடைத்துவிடுகிறது. ஒருமுறை முழுச் சுவரையும் வருடி முடிக்கும்போது இப்படிப்பட்ட புள்ளிகள் லட்சக்கணக்கில், சில சமயம் கோடிக்கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. கணிப்பொறித் திரையில் அந்தப் புள்ளிக் கூட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் மலையைச் சுற்றிவரலாம். திசைகாட்டியும் சாய்வுமானியும் கையிலேந்திய பூகர்ப்ப சாஸ்திரி, முன்பெல்லாம் கை எட்டும் உயரத்திலுள்ள வெட்டுத்தளங்களின் திசையை மாத்திரமே அளந்து, மற்றதை ஊகித்துக்கொண்டார். இப்போது நானூறு மீட்டர் உயரத்தில் தொங்கும் ஒரு தளத்தின் சாய்வையும், அதில் படிந்த புள்ளிகளுக்குப் பொதுவான ஒரு சமதளத்தைப் பொருத்தி, மேசையில் உட்கார்ந்தபடியே கண்டுகொள்கிறார். ஒரே திசையில் சாய்ந்த தளங்களுக்கெல்லாம் ஒரே வர்ணம் தீட்டிக் காட்டும் கணிப்பொறி நிரல்களும் வந்துவிட்டன. எது எதன்மேல் வழுக்கக்கூடும் என்பது அந்த வர்ணப் படத்தில் பெரும்பாலும் கண்கூடாகத் தெரிகிறது.

இனி, லேசர் அளவையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கிரணம் மெல்லியதாகப் புறப்பட்டாலும் தூரம் செல்லச் செல்ல விரிந்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஓரடி அகலமுள்ள வட்டமாகவும் ஆகிவிடலாம். அந்த வட்டத்துக்குள் இருக்கும் மேடு பள்ளங்களெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மூடுபனியும் மழையும் வந்தால் கருவியை மூடி வைத்துவிட வேண்டியதுதான். பல கருவிகள் பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடுவதால், நனைந்த பாறையிலிருந்தும் பனியிலிருந்தும் எதிரொளி மங்கலாகவே திரும்புகிறது. ஒரு பாறை முனைக்குப் பின்னால் மறைந்திருப்பது தெரியாது; அதற்காகக் கருவியை வெவ்வேறு இடங்களில் நிறுத்தி வருட வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கிரணம் மலையின் தோலைத் தொடுகிறதே ஒழிய அதற்குள் ஒரு விரற்கடை தூரமும் நுழைவதில்லை என்பது. உள்ளே பிளவு எவ்வளவு ஆழம் போகிறது, எந்த இடத்தில் இன்னும் பற்று மிச்சமிருக்கிறது, நீர் எங்கே தேங்கி அழுத்துகிறது என்பனவெல்லாம் அனுமானத்துக்கே விடப்படுகின்றன.

ஒருமுறை எடுத்த அளவை எத்தனை அழகாக இருந்தாலும் அது ஒரு படமேயன்றி வேறில்லை. இரண்டாவது முறை எடுத்து ஒப்பிடும்போதுதான் அது சாஸ்திரமாகிறது. சங்கடமும் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் முறை கருவி முதலில் நின்ற அதே இடத்தில் மயிரிழையும் பிசகாமல் நிற்பதில்லை. ஆகவே, அசையவில்லை என்று உறுதியாகத் தெரிந்த சுற்றுப் பாறைகளை ஆதாரமாகக் கொண்டு, இரண்டு புள்ளிக் கூட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றக் கூட்டத்தில் மிக அருகிலுள்ளதைத் தேடி, சிறிது நகர்த்தி, மறுபடியும் தேடி, பொருத்தம் இனிச் சீர்ப்படாது என்னும் வரையில் திரும்பத் திரும்பச் செய்யும் முறையை 1992-ல் பெஸல், மக்கே என்ற இருவர் வகுத்துக் கொடுத்தார்கள். இன்றுவரை அதன் பிள்ளைகளும் பேரர்களுமே வழக்கில் இருக்கின்றன. பொருத்திய பிறகு எஞ்சும் வித்தியாசத்தில் எவ்வளவு மலையுடையது, எவ்வளவு கருவியுடையது என்று பிரிக்க வேண்டும். அண்டையிலுள்ள நூறு புள்ளிகளின் சராசரியை எடுத்தால் தற்செயலான பிழை பத்தில் ஒரு பங்காகக் குறையும்; ஆனால், காலையிலும் மாலையிலும் காற்றின் வெப்பம் மாறுவதால் கிரணம் வளைவது, பொருத்தத்திலேயே நேர்ந்த சிறு கோணல் ஆகியவை எத்தனை புள்ளிகளைச் சேர்த்தாலும் குறைவதில்லை. நேர்மையான நிபுணர், இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே நான் எதையும் சலனம் என்று சொல்லமாட்டேன் என்று முதலிலேயே ஓர் எல்லைக்கோட்டைக் கிழித்துக்கொள்கிறார். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும் மலையிடம் அந்த எல்லைக்கோட்டைத் தாண்ட அவர் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியவர்கள் பொறுமை இழந்துவிடுவதும் உண்டு.

ஐகர் மலையில் அத்தகைய சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை. அங்கே சில பாகங்கள் நாளுக்கு 70 சென்டிமீட்டர் வரையில் நகர்ந்துகொண்டிருந்தன. ஆச்சரியம் வேகத்தில் இல்லை, திசையில் இருந்தது. வேடிக்கை பார்த்தவர்களின் கண்ணுக்கு ஒரே பிண்டமாகத் தோன்றிய அந்தப் பாறை, புள்ளிக் கூட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது வெவ்வேறு திசைகளில் செல்லும் தனித்தனிக் கூறுகளாகப் பிரிந்து தெரிந்தது. பின்னாலிருந்த கூறு ஏறக்குறைய நேர் கீழாக இறங்கியது. முன்னாலிருந்தது பள்ளத்தாக்கை நோக்கிச் சென்றது. விறகைப் பிளக்க ஆப்பு இறக்குவதுபோலப் பின்கூறு இறங்கி முன்கூற்றை வெளியே தள்ளுகிறது என்பதும், இரண்டின் நகர்வும் பாறையில் முன்பே இருந்த வெட்டுத்தளங்களையே பின்பற்றுகிறது என்பதும் அந்த அம்புக்குறிப் படத்தைப் பார்த்தவுடன் விளங்கிற்று. இப்படி மொத்தம் சுமார் 20 லட்சம் கன மீட்டர் பாறை நிலைகுலைந்தது. காரணம் என்னவென்று தேடியபோது கண் கீழே சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பாறையின் பக்கவாட்டில் தடித்துக் கிடந்து அதற்கு முட்டுக் கொடுத்துவந்த பனியாறு, பூமி வெப்பமடைந்துவரும் இந்தக் காலத்தில் கரைந்து தாழ்ந்துபோய், சுவரை ஆதாரமின்றி விட்டுவிட்டது. பனியாறு உருகினால் மலை விழும் என்று பொதுவாகச் சொல்வது எளிது. எந்தத் தளத்தின் வழியே, எந்த ஒழுங்கில் விழும் என்று சொல்வதற்கு முழு உருவமும் வேண்டியிருந்தது. ஆணிகளும் கம்பிகளும் மாத்திரம் இருந்திருந்தால், ஒன்று கீழே போகிறது என்றும் மற்றொன்று வெளியே போகிறது என்றும் முரண்பட்ட சாட்சியங்களே கிடைத்திருக்கும்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், யார்க்ஷயர் பகுதியின் கடலோரச் செங்குத்துப் பாறைகளை டரம் பல்கலைக்கழகத்தின் நிக் ரோஸரும் அவருடைய சகாக்களும் 2000-களின் தொடக்கத்திலிருந்து மாதந்தோறும் லேசரால் வருடிவந்தார்கள். பெரிய துண்டம் ஒன்று விழுவதற்கு முன்னர் அதே இடத்திலும் அதன் விளிம்புகளிலும் சிறு கற்கள் உதிர்வது மிகுகிறது என்பதை அவர்கள் அங்கே கண்டார்கள். பிறகு விட்பி என்ற ஊரில் கருவியை நிரந்தரமாக நிறுத்தி, ஏறக்குறைய மணிக்கொரு முறை தானாகவே வருடும்படி செய்தபோது, இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. மாதம் ஒருமுறை பார்ப்பவருக்கு ஒரே பெரிய வீழ்ச்சியாகத் தோன்றும் பள்ளம், மணிக்கொரு முறை பார்ப்பவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்த பல சிறு வீழ்ச்சிகளின் தொகையாகத் தெரிந்தது. பெரிய வீழ்ச்சி எத்தனை, சிறிய வீழ்ச்சி எத்தனை என்ற விகிதத்தை வைத்துத்தான் ஒரு சாலைக்கோ ரயில் பாதைக்கோ எவ்வளவு அபாயம் என்று கணக்கிடுகிறார்கள். ஆகையால், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்பது நாம் காணும் உண்மையையே மாற்றிவிடுகிறது. பழைய கணக்குகளில் எத்தனை இப்படித் திருத்தப்பட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. அங்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் கருங்கல் சுவர்கள் வெங்காயத் தோல்போல மேலடுக்கை உரித்துக்கொண்டே இருக்கும் இயல்புடையவை. மலையேறுவோர் கூட்டம் அவற்றை விட்டு விலகுவதுமில்லை. 2017 செப்டம்பர் 27-ஆம் தேதி எல் காப்பிட்டான் என்னும் சுவரிலிருந்து ஒரு தகடு பெயர்ந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். மறுநாளே அதைவிடப் பெரியதொன்று அதே பக்கத்திலிருந்து விழுந்தது. முன்பே லேசர் அளவை எடுத்து வைத்திருந்தபடியால் எந்த இடத்திலிருந்து எவ்வளவு தடிமனுள்ள கல் பிரிந்தது என்பதைத் துல்லியமாகக் காண முடிந்தது. இதைக் காட்டிலும் நயமான வேலை ஒன்றையும் அங்கே செய்தார்கள். 1976-ல் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்களிலிருந்து கணிப்பொறியின் துணையால் அக்காலத்துச் சுவரின் உருவத்தை மீட்டெடுத்து, அண்மைக்கால லேசர் அளவையோடு ஒப்பிட்டு, லேசர் கருவி புழக்கத்துக்கு வருவதற்கு முன்னர் விழுந்த பாறைகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எதற்காகவோ எடுத்துப் பெட்டியில் போட்டு மறந்த படங்கள் நாற்பது வருஷங்களுக்குப் பின் சாட்சி சொல்ல வந்தன.

அதே பள்ளத்தாக்கில் பிரையன் காலின்ஸ், கிரெக் ஸ்டாக் என்ற இருவர், சுவரிலிருந்து பாதி பிரிந்து நின்ற 19 மீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் தடிமனுமுள்ள ஒரு கல் தகட்டை மூன்றரை வருஷம் அளந்து, 2016-ல் வெளியிட்ட முடிவும் இங்கே நினைக்கத் தக்கது. பகல் வெயிலில் அந்தத் தகடு சுவரைவிட்டு ஒரு சென்டிமீட்டர் வரையில் வெளியே வளைந்து, இரவுக் குளிரில் திரும்ப உள்ளே அடங்கியது. அந்த ஓயாத போக்குவரத்தில் பிளவின் நுனி மெல்ல மெல்ல முன்னேறிச் சென்றது. மழையோ உறைபனியோ பூகம்பமோ இல்லாத வெயில் நாளிலும் பாறை விழுவதற்கு இதனால் ஒரு காரணம் கிடைத்தது. கூடவே, லேசர் அளவையாளருக்கு ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது: காலையில் எடுத்த உருவத்தையும் பிற்பகலில் எடுத்த உருவத்தையும் ஒப்பிட்டு மலை நகர்ந்துவிட்டது என்று சொல்பவர், வெயிலைத்தான் அளந்திருக்கக் கூடும்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம்: எந்த நாளில் விழும் என்று சொல்ல முடியுமா? 1985-ல் ஜப்பானில் ஃபுகுஸோனோ என்னும் ஆராய்ச்சியாளர், செயற்கை மழை பெய்வித்து மண்சரிவுகளை உண்டாக்கிப் பார்த்து, ஒரு யுக்தியைக் கண்டார். வீழ்ச்சி நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. ஆகவே வேகத்தின் தலைகீழ் எண் குறைந்துகொண்டே வருகிறது. பல சமயங்களில் அது ஒரு நேர்க்கோட்டில் குறைகிறது. ஒரு மலை இன்று நாளுக்கு 2 சென்டிமீட்டரும் பத்து நாள் கழித்து 4 சென்டிமீட்டரும் நகர்ந்தால், தலைகீழ் எண்கள் அரையும் காலும் ஆகும். அதே சரிவில் கோட்டை நீட்டினால் இன்னும் பத்து நாளில் அது சூனியத்தைத் தொடும். அன்று வீழ்ச்சியை எதிர்பார்க்கலாம். சுரங்கங்களிலும் மலைகளிலும் இந்தக் கணக்கு பலமுறை வியக்கத்தக்க விதத்தில் பலித்திருக்கிறது. பலமுறை பலிக்காமலும் போயிருக்கிறது; ஏனெனில் மலை வேகமெடுத்துவிட்டு மனம் மாறியதுபோல நிதானப்படுவதும் உண்டு.

நார்வே தேசத்தின் ரோம்ஸ்டால் பள்ளத்தாக்கில் வெஸ்லெமன்னன் என்ற பாறை மக்களை அலைக்கழித்த கதை இதற்கு நல்ல உதாரணம். 2014-ல் அது வேகமெடுத்தபோது கீழே குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள், அது நின்றுவிட்டது. மறுபடி மழைக்காலத்தில் வேகமெடுத்தது, மறுபடி வெளியேற்றினார்கள், மறுபடி நின்றது. ஒரு வருஷம், பொறுமை இழந்த அதிகாரிகள், தண்ணீரை மேலேற்றிப் பாறையின் பிளவுகளில் ஊற்றி விழவைக்கவும் பிரயத்தனம் செய்தார்கள். அது அதற்கும் இணங்கவில்லை. இப்படிப் பதினாறு முறை வீட்டைவிட்டுப் போக நேர்ந்த பிறகு, 2019 செப்டம்பர் 5-ஆம் தேதி இரவு பாறை விழுந்தது. ஊரார் அப்போது வெளியே இருந்தபடியால் ஒருவருக்கும் தீங்கில்லை. அந்த நாட்டில் இத்தகைய இடங்களில் இரவும் பகலும் காவல் காப்பது பெரும்பாலும் ராடார்தான். அதன் அலைகள் மூடுபனியையும் இருட்டையும் மழையையும் ஊடுருவிச் சென்று மில்லிமீட்டர் நகர்வையும் சொல்லும். ஆனால், தன்னை நோக்கி வருவதையும் விலகுவதையும் மாத்திரமே அது செம்மையாக உணரும். லேசர் வரைந்த உருவத்தின்மேல் ராடாரின் எண்களைப் பதிக்கும்போதுதான் இரண்டுக்கும் பொருள் உண்டாகிறது. இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று வாதிடுவது கருவி விற்பவர்களின் வேலை.

நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் மழைக்காலந்தோறும் சரிவுச் செய்திகளைப் படிக்கும் நமக்கு, இந்த லேசர் கருவியை அங்கும் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அங்கே பெரும்பாலும் சரிவது பாறைச் சுவரன்று. மழையில் ஊறிய தடித்த செம்மண்ணும், அதன்மேலுள்ள மரமும் தேயிலையும் கட்டடமுமே. தாவரம் மூடிய சரிவில் எதிர்க்கரையிலிருந்து ஏவும் கிரணம் இலையைத்தான் அளக்கும். விமானத்திலிருந்து ஏவினால் இலைகளின் இடைவெளி வழியே சில கிரணங்கள் தரையைத் தொட்டுத் திரும்பும். அவற்றைப் பொறுக்கியெடுத்து, காடு மறைத்துவைத்த பழைய சரிவுகளின் வடிவத்தைக் காணலாம். அது வரைபடம் எழுத உதவுமே தவிர, ஒரே இரவில் நிகழும் மண்சரிவை முன்னறிய மழைமானியே அங்கு அருகிலிருக்கும் துணை.

ஸ்விட்ஸர்லாந்தின் கிழக்கே பிரியன்ஸ் என்ற சிற்றூரில் இந்தக் கலையின் இன்றைய நிலையை முழுமையாகக் காணலாம். ஊருக்கு மேலேயுள்ள மலை மட்டுமல்ல, ஊர் நிற்கும் தரையும் சேர்ந்தே வருஷந்தோறும் நகர்ந்துகொண்டிருக்கும் விசித்திரமான இடம் அது. ராடார், காமிரா, கண்ணாடிக் குறிகளை நோக்கும் லேசர் தூரமானி, செயற்கைக்கோள் கருவி எல்லாம் அங்கே மலையைச் சூழ்ந்திருக்கின்றன. 2023 மே மாதம் வேகம் கூடியபோது, நூறு பேருக்கும் குறைவான ஊராரை 12-ஆம் தேதி மாலைக்குள் வெளியேற்றினார்கள். ஜூன் 15-ஆம் தேதி இரவு பத்து லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட பாறை இறங்கி, சாலையை மூடி, பள்ளிக்கூடத்துக்கு மிக அருகில் வந்து நின்றது. ஜூலையில் ஜனங்கள் திரும்பினார்கள். 2024 நவம்பரில், முன்பு விழுந்து குவிந்த கற்குவியலே நகரத் தொடங்கவே, மறுபடியும் ஊரைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அளந்துகொண்டே இருப்பதனால் மலை நிற்கப்போவதில்லை என்பதை உணர்ந்து, சரிவுக்கு அடியில் சுரங்கம் தோண்டி உள்ளே தேங்கிய நீரை வடிக்கும் வேலையையும் மேற்கொண்டிருக்கிறார்கள். முதலில் பரீட்சார்த்தமாகத் தோண்டிய சுரங்கத்துக்கு அருகிலுள்ள பகுதியில் நகர்வின் வேகம் தணிந்ததை அதே கருவிகள் காட்டின. அந்தப் பலனைக் கண்ட பிறகுதான், பெருஞ்செலவு பிடிக்கும் முழுச் சுரங்கத்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது.